கர்ப்பப்பைக் கட்டிக்கு அரசு ஆஸ்பத்திரி: எங்கே தொடங்கி எங்கே முடிப்பது

காரைக்குடிக்குப் பக்கத்தில் கோட்டையூரில் எனக்குப் பலகார வேலை. சீர் ஆர்டர் வந்துவிட்டால் பின்கட்டில் நாலு அடுப்பு எரியும். தேன்குழல், சீப்புச் சீடை, அதிரசம், மாவுருண்டை என்று ஏழெட்டுப் பெண்கள் விடியற்காலை நாலு மணியிலிருந்து நிற்போம். எண்ணெய் காயும் நேரத்தில் பேசுவது பாதி குடும்பக் கதை, பாதி உடம்புக் கதை. ஆண்கள் அந்தப் பக்கம் வரமாட்டார்கள் என்பதால் எல்லாம் வெளியே வரும். "அக்கா, ஒங்களுக்கு அந்தக் கட்டிய எங்க பாத்தீக, எவ்வளவு ஆச்சு?" என்று வருஷத்துக்கு நாலு பேராவது கேட்கிறார்கள். ஒவ்வொருத்திக்கும் சொல்லும்போது ஏதாவது ஒன்று விட்டுப்போகிறது. அதனால் எழுதியே வைக்கிறேன்.

எனக்கு வந்தது 2019இல், 41 வயதில். வந்தது என்று சொல்வதுகூடத் தப்பு. இரண்டு வருஷமாகவே இருந்திருக்கிறது, நான்தான் கருஞ்சிவப்புச் சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு ஓட்டியிருக்கிறேன். ஒருநாள் ஒரு ஆச்சி வீட்டு வளவில் உட்கார்ந்து கைமுறுக்குச் சுற்றிவிட்டு எழுந்தேன். உட்கார்ந்திருந்த மணையில் உள்ளங்கை அளவுக்கு ஈரம். எனக்கு உயிரே போய்விட்டது. ஆச்சி யாரையும் கூப்பிடவில்லை. அவர்களே ஒரு சொம்புத் தண்ணீரை மணையில் ஊற்றி, சாய்த்து வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்கள்: "இது மாசாமாசம் வாரது இல்லத்தா. பெரும்பாடு. எங்க சின்னாத்தாளுக்கு இப்படித்தான் போயி ஆளு வெளுத்துச்சு. நாளைக்கே டாக்டரைப் பாரு."

பார்த்தேன். ஒரு தனியார் ஆஸ்பத்திரி. ஸ்கேன் எடுத்தார்கள், "கட்டி இருக்கு, கர்ப்பப்பைய எடுத்துடலாம், வியாழக்கிழமை வந்துடுங்க, எழுபதாயிரம் ஆகும்" என்றார்கள். மொத்தம் பத்து நிமிஷம். ரத்தம் எவ்வளவு இருக்கிறது என்று ஒரு சோதனைகூடச் செய்யவில்லை. எழுபதாயிரம் இல்லாததால்தான் நான் தப்பித்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

முதல் வேலை வீட்டில்

ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று. தினத்தாள் காலண்டரில் உதிரம் பட்ட நாளெல்லாம் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். அன்றைக்கு எத்தனை நாப்கின் மாற்றினோம் என்று கோட்டுக்குப் பக்கத்தில் எண். துணி பயன்படுத்துபவர்கள் துணிக் கணக்கை எழுதலாம். ரத்தம் கட்டியாக விழுந்தால் "க" என்று ஓர் எழுத்து. இரண்டு மாதம் போதும். "நெறைய போகுது டாக்டர்" என்று சொன்னால் டாக்டருக்கு ஒன்றும் விளங்காது. "ஒன்பது நாள், மூணாம் நாள் பதினோரு நாப்கின்" என்று சொன்னால் நிமிர்ந்து பார்ப்பார்.

ஏழு நாளைத் தாண்டினால், ஒரு ரூபாய்க் காசை விடப் பெரிதாக ரத்தக்கட்டி விழுந்தால், ராத்திரி எழுந்து மாற்ற வேண்டியிருந்தால் போய்க் காட்ட வேண்டியதுதான். வலி இல்லையே என்று இருந்துவிடாதீர்கள். எனக்கு வலியே கிடையாது. அடிக்கடி ஒன்றுக்குப் போவது, அடிவயிறு கனத்துக் கிடப்பது, மலச்சிக்கல், கர்ப்பம் நிற்காமல் போவது இவையெல்லாமும் கட்டியின் வேலையாக இருக்கலாம். கட்டி எந்தப் பக்கம் வளர்கிறது என்பதைப் பொறுத்தது. உள்சவ்வை ஒட்டி உள்ளே நீட்டிக்கொண்டிருந்தால் சீடை அளவுக் கட்டிகூட ஆளைக் கவிழ்த்துவிடும். வெளிப்புறம் வளர்ந்தால் தேங்காய் அளவு ஆனாலும் உதிரம் சாதாரணமாகவே இருக்கும், வயிறு மட்டும் முட்டும்.

பயப்பட வேண்டாதது ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இதற்கு நார்த்திசுக் கட்டி, ஃபைப்ராய்டு என்று பேர். கர்ப்பப்பையின் தசையிலிருந்தே முளைப்பது. புற்றுநோய் இல்லை, புற்றாக இருப்பது மிக மிக அபூர்வம். மாதவிலக்கு நடத்தும் ஹார்மோன்தான் இதற்குத் தீனி. அதனால்தான் மாதவிலக்கு நின்ற பிறகு பெரும்பாலும் சுருங்கிவிடுகிறது. நின்ற பிறகு வளர்ந்தாலோ, நின்று ஒரு வருஷம் கழித்து ஒரு சொட்டு உதிரம் பட்டாலோ அது வேறு கணக்கு. அன்றைக்கே போக வேண்டும்.

ஆரம்ப சுகாதார நிலையம்

ஃபைப்ராய்டு என்று பெயர்ப்பலகை மாட்டிய கவுண்டரைத் தேடாதீர்கள். அப்படி ஒன்று இருக்காது. இருக்கிற வசதிகளை நாம்தான் ஒட்டுப்போட்டுத் தைத்துக்கொள்ள வேண்டும். தொடங்கும் இடம் உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியர். தடுப்பூசிக்கும் கர்ப்பிணிக்கும் மட்டும்தான் அவர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். பெண் டாக்டர் என்றைக்கு வருவார், ஸ்கேன் எந்த நிலையத்தில் இருக்கிறது, எந்தக் கிழமை எடுப்பார்கள் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். எனக்கும் அவர்தான் சொன்னார். இல்லையென்றால் 104க்கு போன் போட்டும் கேட்கலாம், அது அரசின் மருத்துவ ஆலோசனை எண்.

டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது, 2021இலிருந்து. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ காரைக்குடிக்கோ அதில் போய்விடலாம். சிவகங்கைக்குப் போகும் புறநகர்ப் பேருந்துக்குக் காசு வேண்டும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதலில் ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்கள். அவர்களாகவே பார்ப்பார்கள், பார்க்காவிட்டால் கேளுங்கள். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12 இருக்க வேண்டும். 8க்குக் கீழே என்றால் கடுமையான ரத்தசோகை. எனக்கு 6.9. மச்சு ஏறினால் மூச்சு வாங்கியதும், நகம் வெளுத்ததும், அடுப்படியில் தலை சுற்றியதும் வெக்கையால் என்று நினைத்திருந்தேன். "இந்த ரத்தத்தை வச்சுக்கிட்டா நின்னு முறுக்குச் சுத்துனீங்க?" என்று அந்தச் செவிலியர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

இரும்புச்சத்து மாத்திரை இலவசமாகத் தருவார்கள். அதைக் காப்பியோடு விழுங்குவது நம் ஊர்ப் பழக்கம். காப்பியும் டீயும் இரும்பை உடம்பில் சேரவிடாது. முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் இடைவெளி விட்டு, எலுமிச்சைத் தண்ணீரோடு குடியுங்கள். மலம் கறுப்பாகப் போகும், பதறாதீர்கள். கவுனி அரிசி சாப்பிட்டால் ரத்தம் ஊறும் என்று எனக்குப் பக்கத்து வீட்டிலிருந்து கிண்ணம் கிண்ணமாகக் கவுனி வந்தது. சர்க்கரையும் தேங்காயும் போட்டுச் சாப்பிட அருமைதான். 6.9ஐ அது 11 ஆக்காது. ஓட்டைக் குடத்தில் எதை ஊற்றினாலும் நிற்காது, ஓட்டையை முதலில் அடைக்க வேண்டும்.

முப்பது வயது தாண்டிய பெண்களுக்கு அங்கேயே கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ச் சோதனை செய்கிறார்கள். அது இந்தக் கட்டியைக் கண்டுபிடிக்கும் சோதனை இல்லை. ஆனால் படுக்க வைத்துக் கையால் பார்க்கும்போது கர்ப்பப்பை பெருத்திருந்தால் டாக்டருக்குத் தட்டுப்படும். கூச்சப்பட்டு ஓடாமல் இரண்டையும் ஒரே நாளில் முடித்துக்கொள்ளுங்கள். அரசு மருத்துவ முகாம்களையும் விடாதீர்கள். எங்களோடு வேலை செய்யும் ஒரு பெண்ணுக்கு, 2025 ஆகஸ்டில் தொடங்கிய நலம் காக்கும் ஸ்டாலின் முகாம் ஒன்றில் சனிக்கிழமை எடுத்த ஸ்கேனில்தான் கட்டி தெரிந்தது. அவள் போனது சர்க்கரை பார்க்க.

ஸ்கேன் நாள்

முதல் ஸ்கேனை நான் வீணடித்தேன். வரிசையில் நின்று பொறுக்க முடியாமல் ஒன்றுக்குப் போய்விட்டு வந்து படுத்தேன். "மூத்திரப்பை காலியா இருக்கும்மா, தண்ணி குடிச்சிட்டு வாங்க" என்று எழுப்பிவிட்டார்கள். அதற்குள் நேரம் முடிந்து மறுவாரம் வரச் சொன்னார்கள். வயிற்றின் மேல் வைத்து எடுக்கும் ஸ்கேனுக்கு ஒரு மணி நேரம் முன்பே ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டிருக்க வேண்டும். உள்வழியாக எடுக்கும் ஸ்கேனுக்கு நேர்மாறு, காலி செய்துவிட்டுப் போக வேண்டும். கல்யாணமாகாத பெண் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், மேலே வைத்து எடுப்பார்கள்.

ரிப்போர்ட்டில் மூன்று விஷயம் இருக்கிறதா என்று பாருங்கள். எத்தனை கட்டி, ஒவ்வொன்றும் எத்தனை சென்டிமீட்டர், எந்த இடம். இடத்தைத்தான் பலரும் கேட்பதில்லை. உள்சவ்வின் அடியிலா, தசைக்குள்ளா, வெளிப்புறமா என்று டாக்டரிடமே கேளுங்கள். சிகிச்சை அதை வைத்துத்தான் மாறும். எனக்கு நாலு கட்டி, பெரியது 8 சென்டிமீட்டர். "பதினாறு வாரக் கர்ப்பம் அளவுக்கு இருக்கு" என்றார் டாக்டர். அதாவது அடிவயிற்று எலும்புக்கும் தொப்புளுக்கும் நடுவில் வந்து நின்றது. கையை வைத்தால் எனக்கே தெரிந்தது. தொந்தி என்று நினைத்திருந்தேன்.

அட்டை விஷயம்

இதில்தான் ஆட்கள் அதிகம் குழம்புகிறார்கள். அரசு ஆஸ்பத்திரியில் பார்க்க முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. அட்டை இல்லாவிட்டாலும் ஓ.பி. பார்ப்பார்கள், மாத்திரை தருவார்கள், ஆபரேஷனும் நடக்கும். அட்டை எடுத்தால் போகலாம் என்று மூன்று மாதம் ரத்தத்தை விட்டவள் ஒருத்தி எங்கள் அடுப்படியிலேயே இருக்கிறாள்.

அட்டை இருந்தால் ஆஸ்பத்திரிக்குச் சிகிச்சைக்கான பணம் காப்பீட்டிலிருந்து வந்து சேரும். திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியும் திறக்கும். குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை. 2018 செப்டம்பரில் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்தோடு இதை இணைத்துவிட்டார்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். நான் எடுத்தபோது வரம்பு 72,000தான்.

வேண்டியவை ரேஷன் கார்டு, ஆதார், வி.ஏ.ஓ. அல்லது வருவாய்த் துறை தரும் வருமானச் சான்று, குடும்பத் தலைவரின் உறுதிமொழி. இவற்றோடு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். நமக்கு அது சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டத்துப் பக்கம் இருப்பவர்களுக்குப் புதுக்கோட்டை. போகும் முன் ரேஷன் கார்டையும் ஆதாரையும் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். ஒன்றில் எனக்கு அப்பா இனிஷியல், இன்னொன்றில் வீட்டுக்காரர் இனிஷியல். அதற்காக ஒருநாள் கூலியும் போனது, பஸ் காசும் போனது.

தனியாரில் காப்பீட்டில் செய்வதென்றால் முன் அனுமதி வந்த பிறகுதான் ஆபரேஷன். பணத்தைக் கட்டி முடித்துவிட்டு, பிறகு அட்டையைக் காட்டித் திரும்ப வாங்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எந்தச் சிகிச்சை எந்த ஆஸ்பத்திரியில் காப்பீட்டில் வரும் என்பதை 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்டுவிட்டே கிளம்புங்கள். அட்டை வைத்திருந்தும் காசு கேட்டால் புகார் சொல்லவும் அதே எண்தான். கடையிலோ மில்லிலோ வேலை பார்த்து ஈ.எஸ்.ஐ. பிடித்தம் ஆகிறவர்கள் அந்த வழியிலேயே போகலாம். டாக்டர் சான்று தந்தால் வேலைக்குப் போகாத நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதமும் வரும், வருஷத்துக்கு 91 நாள் வரை. எங்களைப் போல அன்றாடக் கூலிக்கு அது கிடையாது.

டாக்டர் முன்னால்

காரைக்குடி அரசு தலைமை மருத்துவமனையிலேயே மகப்பேறு, பெண்கள் நலப் பிரிவு உண்டு. பெரிய விஷயம் என்றால் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரிக்கோ மதுரை ராஜாஜி மருத்துவமனைக்கோ எழுதித் தருவார்கள். காலை ஏழரைக்குப் போய் நின்றால் பத்துக்குள் உள்ளே போகலாம். கூட்டம் இருக்கும், டாக்டருக்கு நம்மோடு இருக்க ஐந்து நிமிஷம்தான். அதனால் கேள்வியைச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். என் சீட்டை என் மகள் எழுதித் தந்தாள், கணக்கு நோட்டில் கிழித்த தாள்.

கேட்க வேண்டிய முதல் கேள்வி: "எடுக்காம இருந்தா என்ன ஆகும்?" தொந்தரவு தராத கட்டிக்கு எதுவுமே செய்ய வேண்டாம், ஆறு மாதமோ ஒரு வருஷமோ கழித்து மறுபடி ஸ்கேன் பார்த்தால் போதும். என் நாத்தனாருக்கு 49 வயது, 3 சென்டிமீட்டர் கட்டி, தொந்தரவு ஒன்றுமில்லை. அவளைச் சும்மா அனுப்பிவிட்டார்கள். அவளுக்கு அதில் வருத்தம், ஊசிகூடப் போடவில்லையாம்.

அடுத்து மருந்து. உதிரப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமில மாத்திரை இருக்கிறது, போகும் நாட்களில் மட்டும் போடுவது. காலில் ரத்தம் உறைந்த சரித்திரம் உள்ளவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஹார்மோன் மாத்திரை உண்டு. கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் வளையம் உண்டு, சிலருக்கு நன்றாகக் கேட்கும். ஆபரேஷனுக்கு முன் கட்டியைச் சுருக்க ஊசி போடுவதும் உண்டு, நிறுத்தினால் மறுபடி வளரும். எனக்கு எட்டு மாதம் மாத்திரையில் ஓட்டினார்கள். அதற்குள் ஹீமோகுளோபின் 9.8 வரை ஏறியது. பிறகு மறுபடி இறங்கியது.

குழந்தை வேண்டும் என்றால் கட்டியை மட்டும் எடுக்க முடியுமா என்று கேளுங்கள். கேட்டால்தான் சொல்வார்கள் என்று சிலநேரம் தோன்றுகிறது. முகாமில் கண்டுபிடித்தாளே அந்தப் பெண், அவளுக்கு 29 வயது. கட்டி உள்சவ்வை ஒட்டி இருந்ததால் வயிற்றில் கத்தி படாமல், உள்வழியாகக் குழாய் விட்டுச் சீவி எடுத்தார்கள். மறுநாள் வீட்டுக்கு வந்துவிட்டாள். தசைக்குள் ஆழமாக இருந்தால் வயிறு திறந்தோ, சின்னத் துளை போட்டு லேப்ராஸ்கோப்பியிலோ எடுப்பார்கள். அப்படி எடுத்தால் புதிதாகக் கட்டி முளைக்க வாய்ப்பு உண்டு, அடுத்த பிரசவம் சிசேரியனாகவும் ஆகலாம். தொடையிலோ மணிக்கட்டிலோ மெல்லிய குழாய் விட்டுக் கட்டிக்குப் போகும் ரத்தக்குழாயை அடைக்கும் சிகிச்சையும் இருக்கிறது. அதற்கான நிபுணர் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில்தான் நடக்கும்.

கர்ப்பப்பையையே எடுப்பது கடைசிப் படி. 45 தாண்டியவர்களுக்கு அதற்கு முன் உள்சவ்வில் கொஞ்சம் சுரண்டி எடுத்துப் புற்று இல்லையென்று பார்த்தாக வேண்டும். சினைப்பையை வைத்துவிடுவார்களா என்று கேளுங்கள். நல்ல நிலையில் இருக்கும் சினைப்பையைச் சின்ன வயதிலேயே எடுத்தால் எலும்பும் இதயமும் பின்னால் கணக்குக் கேட்கும். "பிள்ளை பெத்தாச்சு, இனி எதுக்கு அது" என்று சொல்லுகிறவர்கள் டாக்டராக இருந்தாலும் மாமியாராக இருந்தாலும் ஒரு வாரம் அவகாசம் கேளுங்கள், வேறு டாக்டரிடம் காட்டுங்கள். தேவையில்லாமல் கர்ப்பப்பை எடுப்பதைத் தடுக்கும் மத்திய அரசின் வழிகாட்டு நெறிமுறைகளை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்தில் நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. இரண்டாவது டாக்டரிடம் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

நான் கடைசியில் எடுத்துக்கொண்டேன். எட்டு மாதம் பார்த்து, மாத்திரை கேட்காமல், நானே முடிவு செய்து. அந்த வியாழக்கிழமை படுத்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும் என்று என் தம்பி சொல்வான். 6.9 ரத்தத்தோடு மேஜையில் படுப்பதும், ஏற்றிக்கொண்டு போய்ப் படுப்பதும் ஒன்றா?

சேர்ந்த பிறகு

ரத்தம் அரசு ரத்த வங்கியிலிருந்து இலவசம். பதிலுக்குக் கொடுக்க ஆள் கேட்பார்கள், இரண்டு பேரை முன்பே சொல்லி வையுங்கள். உடன் இருக்கப் பெண் துணை ஒருவர் வேண்டும். பாய், சொம்பு, பிளாஸ்க், பழைய பருத்திச் சேலை இரண்டு, எல்லாச் சீட்டும் போட ஒரு மஞ்சப்பை. சாப்பாடு அங்கேயே தருவார்கள்.

வயிறு திறந்து செய்தால் ஆறு வாரம் குடம் தூக்கக் கூடாது, ஆட்டுக்கல் கூடாது, தேன்குழல் உரலை அழுத்தக் கூடாது. நான் நாலாவது வாரமே உரலைப் பிடித்தேன், தையல் பக்கம் சுரீர் என்றது. அதன்பிறகு தீபாவளி ஆர்டர் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்து சீடை உருட்டியதோடு சரி.

நாப்கின் மணிக்கு ஒன்று நனைந்து, அது இரண்டு மணி நேரம் நீடித்தால், மயக்கம் வந்தால், இந்தக் குறிப்பையெல்லாம் மூடி வைத்துவிட்டு 108ஐக் கூப்பிடுங்கள். ராத்திரி என்று பார்க்காதீர்கள்.

இன்னொன்று, இதை யாரும் சொல்வதில்லை. எடுத்த கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். ரிப்போர்ட் வர இரண்டு மூன்று வாரம் ஆகும், அதற்குள் நாம் வீட்டுக்கு வந்துவிடுவோம். போய் வாங்க வேண்டும். தையல் பிரித்த அன்றே எந்த அறையில், எந்தத் தேதியில் வாங்குவது என்று கேட்டு டிஸ்சார்ஜ் சீட்டின் பின்புறம் எழுதிக்கொள்ளுங்கள். என்னுடையதை வாங்க வீட்டுக்காரர் போனபோது, பேர் சொல்லக் கூச்சப்பட்டு "வயித்து ஆபரேஷன் ரிப்போர்ட்" என்று கேட்டிருக்கிறார். மேஜையில் வயிற்று ஆபரேஷன் ரிப்போர்ட் முப்பது கிடந்ததாம். மறுநாள் நானே போய் வாங்கினேன்.